குளிசையா, உளவளத்துணையா, மனவிழிப்பா? நாட்பட்ட நோவுக்கு எதைத் தெரிவது

கொக்குவிலில் இருக்கும் என் அக்கா சென்ற மாசி மாதத்தில் ஒரு நாள் துணிப்பையோடு வந்து, அதற்குள் இருந்ததையெல்லாம் விறாந்தை மேசையில் எடுத்து வைத்தார். கிளினிக் கொப்பி, எக்ஸ்ரே உறை, நோவுக்குப் போடும் டைக்குளோபினாக் குளிசையின் பாதி வெறுமையான அட்டைகள் இரண்டு, வயிற்றெரிவுக்கு ஒமிப்பிரசோல், இரவில் போடும்படி எழுதிக் கொடுத்த அமிட்ரிப்டிலின், மூடி இறுகாமல் எண்ணெய் கசிந்த ஒரு சிறு போத்தல், எல்லாவற்றுக்கும் அடியில் எட்டுக் கிழமை மனவிழிப்புப் (மைன்ட்ஃபுல்னஸ்) பயிற்சி ஒன்றைப் பற்றிய துண்டுப்பிரசுரம். நான்கு வருடமாக நாரி நோ; அத்தான் காலமாகி இரண்டு வருடம்; அதற்குப் பிறகு ஒழுங்கான நித்திரையும் இல்லை. "தம்பி, இதிலை எதை விடுறது, எதைப் பிடிக்கிறது எண்டு ஒருக்கா சொல்லன்" என்றார். எனக்குக் கழுத்திலும் தோள்மூட்டிலும் ஏழு வருடமாக நோ உண்டு. துண்டுப்பிரசுரத்தில் இருந்தது போன்ற பயிற்சியை இரண்டு முறை தொடங்கி ஒரு முறை முடித்தவன். வைத்தியன் அல்லன். அன்று அவருக்கு அரைகுறையாகச் சொன்ன பதிலை, அதே மேசைக்கு முன்னால் இருக்கக்கூடிய மற்றவர்களுக்கும் உதவும் என்று எண்ணி இங்கே முழுமையாக எழுதுகிறேன்.

எதைத் தெரிவது என்ற கேள்வி, வைத்தியர் ஒருவர் ஒழுங்காகப் பார்த்து முடித்த பிறகுதான் எழ வேண்டும். நாரி நோவோடு கால் மரத்துப்போவது, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போவது, காய்ச்சல், காரணமின்றி உடம்பு மெலிவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அது தியானத்துக்குரிய நோ அல்ல, தாமதமின்றி வைத்தியசாலைக்குரிய நோ. அக்காவுக்கு இவை எதுவும் இல்லை என்று பார்த்தாகிவிட்டது. எக்ஸ்ரே அறிக்கையில் "தேய்மானம்" என்று மட்டும் இருந்தது. ஐம்பத்தெட்டு வயதில் நோவே இல்லாத பலரின் படத்திலும் அது காணப்படும் என்பதை எவரும் அவருக்குச் சொல்லவில்லை. ஆகவே தன் முள்ளந்தண்டு உளுத்த கூரை வளைபோல ஆகிவிட்டது என்றும், குனிந்தால் முறிந்துவிடும் என்றும் நான்கு வருடமாக நம்பிக்கொண்டிருந்தார். அந்த ஒரு சொல் அவருக்குச் செய்த கேடு தேய்மானம் செய்த கேட்டைவிடப் பெரிது என்பது என் எண்ணம்.

நோ பற்றிய சர்வதேசச் சங்கம் 2020 இல் திருத்தி வெளியிட்ட வரைவிலக்கணம், நோவைப் புலனுணர்வும் மனவெழுச்சியும் சேர்ந்த ஓர் அனுபவம் என்கிறது. உடலில் காயம் இருந்தால்தான் நோ என்று அது சொல்லவில்லை. மூன்று மாதத்துக்கு மேல் நீடிப்பதை நாட்பட்ட நோ என்பர். முதுகுத்தண்டில் நோச் செய்திகளைக் கூட்டவும் குறைக்கவும் வல்ல ஒரு கதவு இருக்கிறது என்றும், மூளையிலிருந்து இறங்கும் செய்திகளும் அதைத் திறந்து மூடும் என்றும் மெல்சாக், வோல் என்ற இருவரும் 1965 இல் முன்வைத்த கருத்துக்குப் பிறகு, "நோ உடம்பிலா, மனதிலா" என்ற கேள்வி மருத்துவத்தில் ஏறத்தாழப் பொருளற்றுப் போயிற்று. எங்கள் ஊரில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. உளமருத்துவரிடம் போகச் சொன்னால், "அப்ப நான் நடிக்கிறன் எண்டு சொல்லுறியளோ" என்ற பதில்தான் முதலில் வரும்.

மைன்ட்ஃபுல்னஸ் என்பதற்கு எங்களிடம் நிலைத்த ஒரு சொல் இல்லை. சிலர் "நினைவாற்றல்" என்று பெயர்க்கிறார்கள். அதைக் கேட்டால் சோதனைக்குப் படிக்கும் பிள்ளைக்கு வல்லாரைச் சம்பல் அரைப்பதுதான் நினைவுக்கு வருகிறது. பாளி மொழியின் "சதி" என்ற சொல்லே இதற்கு மூலம். பௌத்தரின் எண்வழிப் பாதையைத் தமிழில் எழுதியவர்கள் அதை "நற்கடைப்பிடி" என்றார்கள். நான் இங்கே மனவிழிப்பு என்கிறேன். இப்போது நடப்பதை, நடக்கும்போதே, நல்லது கெட்டது என்று தீர்ப்பிடாமல் கவனிப்பதுதான் அது. இதை மதச் சடங்கிலிருந்து பிரித்து வைத்தியசாலைக்குள் கொண்டுவந்தவர் ஜோன் கபாட்-சின். 1979 இல் மாசச்சூசெற்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் அவர் தொடங்கிய வகுப்புக்கு, வழமையான சிகிச்சையால் போதிய பலன் கிடைக்காத நாட்பட்ட நோயாளர்கள் அனுப்பப்பட்டார்கள். 1982 இல் அவர் வெளியிட்ட முதல் அறிக்கையும் நாட்பட்ட நோவுள்ள 51 பேரைப் பற்றியதே. ஆகவே இது வேலைக் களைப்புக்குக் கண்டுபிடிக்கப்பட்டுப் பிறகு நோவுக்கு நீட்டப்பட்ட முறை அல்ல, நோவாளிகளிடமிருந்தே தொடங்கியது. எட்டுக் கிழமை, கிழமைக்கு ஒரு வகுப்பாக ஏறத்தாழ இரண்டரை மணி நேரம், இடையில் ஒரு முழுநாள், வீட்டில் நாளுக்கு 45 நிமிடப் பயிற்சி என்பது அதன் மூல அமைப்பு.

அதன் உள்ளீட்டை விளக்க, பௌத்த சூத்திரத் தொகுப்பான சங்யுத்த நிகாயத்தில் வரும் அம்பு உவமையைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை. அம்பு ஒன்று தைத்த மனிதனுக்கு அதே கணத்தில் இரண்டாவது அம்பும் தைக்கிறது. முதலாவது உடம்பின் வேதனை, இரண்டாவது அதைக் கண்டு மனம் படும் வேதனை. பயிற்சி பெற்றவனுக்கு முதல் அம்பு மட்டுமே தைக்கும் என்கிறது அந்தச் சூத்திரம். அக்காவின் முதல் அம்பு, இடது நாரியிலிருந்து தொடைவரை இறங்கும் இழுவை. இரண்டாவது அம்பு, விடிய மூன்று மணிக்கு அந்த இழுவையோடு எழும் கதை: இன்றைக்கும் தொடங்கிவிட்டது, கிணற்றடிக்கு எப்படிப் போவது, படுக்கையில் விழுந்தால் யார் பார்ப்பது, மகன் ரொறன்ரோவில், மருமகளுக்கு வேலை, அத்தான் இருந்திருந்தால். அந்தக் கதை ஒவ்வொரு இரவும் அதே ஒழுங்கில் ஓடும். கதை ஓட ஓட நாரித் தசை இறுகும். இறுகினால் இழுவை கூடும். கூடினால் கதைக்கு இன்னொரு சான்று கிடைக்கும்.

பயிற்சி எப்படி இருக்கும் என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். பாயில் நிமிர்ந்து படுத்துக்கொண்டு, இடது காலின் பெருவிரலில் தொடங்கி, கவனத்தை உடம்பின் ஒவ்வொரு பகுதியாக மேலே கொண்டுவருவது ஒரு பயிற்சி. நான்காவது கிழமையில் ஒரு மாலை, அடுத்த வளவில் தண்ணீர்ப் பம்பு இரைந்துகொண்டிருக்க, கவனம் என் வலது தோளுக்கு வந்தது. ஏழு வருடமாக "நோ" என்ற ஒரே பெயரால் நான் அழைத்து வந்த பொருள் அங்கே இருக்கவில்லை. தோள்பட்டையின் உள்விளிம்பில் ஒரு ரூபாய்க் குற்றியளவு எரிவு. அதற்குக் கீழே நாடித் துடிப்போடு வந்துபோகும் ஒரு உளைவு. கழுத்துப் பக்கம் ஒரு விறைப்பு. விறைப்பு நோவே அல்ல, நோ வந்துவிடுமோ என்று நானே பிடித்துக்கொண்டிருந்த பிடி. எரிவு கூடிக் குறைந்தது, உளைவு இடம் மாறியது. எதுவும் மறையவில்லை. ஆனால் எழுந்தபோது கழுத்து இளகியிருந்தது. அதற்கு முந்திய மூன்று கிழமையும் பாதியில் நித்திரையாகிப்போனேன் என்பதையும் மறைக்கக் கூடாது. முதல் வகுப்பில் மேலைநாட்டில் உலர்ந்த முந்திரிகைப் பழம் ஒன்றைக் கொடுத்து மெதுவாக உண்ணச் சொல்வார்கள். எங்களுக்குக் கற்பித்தவர் அவித்து உலர்த்திய பனங்கிழங்கான புழுக்கொடியல் துண்டு ஒன்றைக் கொடுத்தார். புழுக்கொடியலை வேறு எப்படியும் உண்ண முடியாது என்பதால், அந்த ஒரு பாடத்தில் எல்லாரும் சித்தியடைந்தோம்.

இனிக் குளிசைகளைப் பார்ப்போம். விரைவைப் பொறுத்தவரை அவற்றுக்கு இணை எதுவும் இல்லை. பல்லுப் பிடுங்கியவருக்கும் கை முறிந்தவருக்கும் மூச்சைக் கவனிக்கச் சொல்வது கொடுமை. நாட்பட்ட நாரி நோவில்தான் கணக்கு மாறுகிறது. பரசிற்றமோல் சடுதியான நாரி நோவில்கூட மருந்தில்லாத வெற்றுக் குளிசையைவிட விரைவாகக் குணப்படுத்தவில்லை என்று அவுஸ்திரேலியாவில் நடந்து 2014 இல் வெளியான பெரிய பரிசோதனை காட்டியது. ஆரோக்கியமான வளர்ந்தவர் ஒருவர் ஒரு நாளில் 500 மில்லிகிராம் குளிசை எட்டுக்கு மேல், அதாவது 4 கிராமுக்கு மேல், எடுக்கக் கூடாது என்பதும், தடிமனுக்கு வாங்கும் குளிசையிலும் பரசிற்றமோல் இருக்கக்கூடும் என்பதும் எங்கள் வீடுகளில் பலருக்குத் தெரிவதில்லை. டைக்குளோபினாக் வகை மருந்துகள் சிறிதளவு உதவும். ஆனால் வயிற்றுப் புண், சிறுநீரகப் பாதிப்பு, இரத்த அழுத்தம் கூடுதல் ஆகியவை அவற்றின் விலை. வைத்தியரின் துண்டில்லாமல் பாமசியில் வாங்கி மாதக்கணக்கில் போடுவது இந்த மேசையில் இருந்த தெரிவுகளில் மிக ஆபத்தானது; அக்கா செய்துகொண்டிருந்ததும் அதுவே. அமிட்ரிப்டிலினைத்தான் அவர் வெறுத்தார், அட்டையை வாங்கிய பாமசியில் "இது மனநோய்க் குளிசையெல்லோ" என்று ஒருவர் சொல்லிவிட்டார். குறைந்த அளவில் அது நோவுக்கும் நித்திரைக்கும் கொடுக்கப்படுவது வழமை. அதை விரும்பாவிட்டாலும் கொடுத்த வைத்தியரைக் கேட்டுத்தான் குறைக்க வேண்டும்.

மனவிழிப்பையும் உளவளத்துணையையும் (கவுன்சலிங்) நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்த ஆய்வுகளில் நான் மிகவும் மதிப்பது 2016 இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலிருந்து வந்தது. நாட்பட்ட நாரி நோவுள்ள 342 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு எட்டுக் கிழமை மனவிழிப்பும், இன்னொரு பகுதியினருக்கு எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் உளவளத்துணை முறையான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும், மூன்றாம் பகுதியினருக்கு அவர்கள் ஏற்கெனவே பெற்றுவந்த வழமையான கவனிப்பு மட்டும் கொடுத்தார்கள். 26 ஆவது கிழமையில் அன்றாட வேலைகளைச் செய்யும் திறனில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டவர்கள் மனவிழிப்பில் 61 வீதம், நடத்தைச் சிகிச்சையில் 58 வீதம், வழமையான கவனிப்பில் 44 வீதம். இந்த எண்களை இரண்டு விதமாக வாசிக்கலாம். இரண்டு சிகிச்சையும் பயன் தருகின்றன, அவற்றுக்குள் வெற்றி தோல்வி இல்லை என்பது ஒன்று. வழமையான கவனிப்பு மட்டும் பெற்றவர்களிலேயே 44 வீதத்தினர் தேறினார்கள், மனவிழிப்பு பெற்றவர்களில் 39 வீதத்தினர் தேறவில்லை என்பது மற்றது. எட்டு வகுப்பில் ஆறுக்காவது வந்தவர்கள் இரண்டு குழுவிலும் ஏறத்தாழப் பாதிப் பேர்தான். அமெரிக்க வைத்தியர் கல்லூரி என்ற வைத்தியர் அமைப்பு 2017 இல் நாட்பட்ட நாரி நோவுக்கு முதலில் உடற்பயிற்சி, யோகம், மனவிழிப்பு, நடத்தைச் சிகிச்சை போன்றவற்றைப் பார்த்து, மருந்தைப் பின்னுக்கு வைக்கும்படி பரிந்துரைத்தது. அதே ஆண்டில் நாட்பட்ட நோ பற்றிய 38 பரிசோதனைகளைத் தொகுத்த ஒரு மீளாய்வு, மனவிழிப்பினால் நோ குறையும் அளவு சிறிது என்றும், சான்றின் தரம் தாழ்ந்தது என்றும் சொன்னது. "நோவை ஒழிக்கும் தியானம்" என்று யாராவது விளம்பரம் செய்தால் அவர்கள் இவற்றை வாசிக்கவில்லை என்று கொள்ளலாம்.

அப்படியானால் இரண்டில் எதைத் தெரிவது? அக்காவின் மூன்று மணிக் கதையை எடுத்துக்கொள்வோம். "குனிந்தால் முறிந்துவிடும்" என்ற எண்ணத்தை நடத்தைச் சிகிச்சை செய்பவர் தாளில் எழுதச் சொல்வார். அதற்கு என்ன சான்று, எத்தனை முறை குனிந்தீர்கள், எத்தனை முறை முறிந்தது என்று கேட்பார். அடுத்த கிழமை ஐந்து முறை குனிந்து பார்க்கும்படி கணக்கு வைத்து அனுப்புவார். மனவிழிப்பில் அந்த எண்ணத்தோடு வாதம் இல்லை. "முறிந்துவிடும் என்ற எண்ணம் வந்திருக்கிறது" என்று அதைக் கண்டுகொண்டு, நாரிக்கோ மூச்சுக்கோ திரும்புவதோடு சரி. பொய்யான நம்பிக்கை ஒன்று வாழ்க்கையை முடக்கியிருந்தால் முதலாவது முறைதான் கூர்மையானது. வாதம் செய்து செய்து களைத்த, பதில் தெரிந்தும் மனம் அடங்காத ஒருவருக்கு இரண்டாவது பொருந்தும். "அத்தான் இருந்திருந்தால்" என்ற எண்ணத்துக்கு என்ன எதிர்ச்சான்று எழுதுவது? அது பிழையான எண்ணமே அல்ல.

நடை, உடற்பயிற்சி, பிசியோதெரபி ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை: எதைத் தெரிந்தாலும் அவை கூடவே இருக்க வேண்டும், மற்ற எதுவும் அவற்றுக்கு மாற்று அல்ல. எண்ணெய் பூசுவதும் ஒத்தடம் பிடிப்பதும் சுகம் தருமானால் செய்யலாம். கைதடியில் சித்த போதனா வைத்தியசாலை இருக்கிறது. அங்கே போவோர் மற்ற மருந்துகளைப் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

கோயிலைத் தனியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது, ஏனெனில் யாழ்ப்பாணத்தில் இதுவே பலரின் முதல் மருந்து. நோவைப் பாடலாக்கிய மரபு எங்களுடையது. அப்பர் தம் சூலை நோயைப் பாடும்போது குடலை முறுக்கும் அந்த வேதனையின் வடிவத்தையே சொல்லி முறையிடுகிறார், மூடி மறைக்கவில்லை. நல்லூர்த் திருவிழாவில் முதுகில் செடில் குத்திக் காவடி எடுப்பவரின் தோலில் உள்ள நரம்புகள் மற்றவர்களுடையவை போன்றவைதான். ஆனால் தானே நேர்ந்து தெரிந்த நோ, ஊர் கூடி நிற்க, பறைமேள ஒலியோடு வரும் நோ, தனியறையில் காரணம் தெரியாமல் வரும் நோவைப் போல ஒருவரை நொறுக்குவதில்லை. நோவின் சூழலும் பொருளும் நோவையே மாற்றும் என்பதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை, தெற்கு வீதியில் நின்று பார்த்தால் போதும். போரினால் பாதிக்கப்பட்டவர்களுக்கு மூச்சுப் பயிற்சி, ஜெபம், சாந்தியாசனம் போன்ற எங்கள் பண்பாட்டு முறைகளைச் சிகிச்சையோடு சேர்ப்பது பற்றி, யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம் எழுதியிருக்கிறார். வழிபாட்டுக்கும் மனவிழிப்புக்கும் இடையே நான் காணும் வேறுபாடு, வழிபாடு நோ தீர வேண்டும் என்று கேட்கிறது, மனவிழிப்பு எதையும் கேட்பதில்லை என்பது. கேட்பதில் ஆறுதல் உண்டு, கூட்டமும் உண்டு. கேட்டது கிடைக்காதபோது "நான் என்ன பாவம் செய்தேன்" என்ற கேள்வி வந்து சேர்ந்தால், அதுவும் ஓர் அம்பு.

இது பௌத்தத் தியானம் அல்லவா என்ற தயக்கம் எங்கள் பகுதியில் எழுவதை நான் கேலி செய்யமாட்டேன். அதற்குப் பின்னால் உள்ள வரலாறு எல்லாரும் அறிந்தது. பயிற்சியில் புத்தர் சிலையோ, மந்திரமோ, நம்பிக்கைச் சத்தியமோ தேவையில்லை. மூச்சோடு "சிவ சிவ" என்று சொல்லிப் பழகியவர் அதையே தொடரலாம். தேவாலயத்துக்குப் போகிறவர் தம் செபத்தை விட வேண்டியதில்லை. இதைவிட நான் அஞ்சுவது பத்து நாள் மௌன முகாம்களையே. நாளுக்கு ஏறத்தாழப் பத்து மணி நேரம் அமர்வது திடமானவர்களுக்கு நல்ல அனுபவமாக இருக்கலாம். நாரி நோவோடும் ஆறாத துயரோடும் இருப்பவருக்கு அது தொடங்கும் இடம் அல்ல.

துயரம், பயம், கோபம் போன்ற மனவெழுச்சிகளுக்கு வரும்போது தெரிவு இன்னும் நுணுக்கமாகிறது. திரும்பத் திரும்ப மனச்சோர்வு வருகிறவர்களுக்காக மனவிழிப்பையும் அறிவாற்றல் சிகிச்சையையும் சேர்த்து ஒரு முறையை சீகல், வில்லியம்ஸ், ரீஸ்டேல் என்ற மூவர் உருவாக்கினார்கள். இங்கிலாந்தில் 424 பேரை இரண்டு வருடம் பின்தொடர்ந்து 2015 இல் வெளியான பரிசோதனையில், இந்த முறையோடு மருந்தைக் குறைத்தவர்களில் 44 வீதத்தினருக்கும், மருந்தைத் தொடர்ந்தவர்களில் 47 வீதத்தினருக்கும் மனச்சோர்வு திரும்பியது. மருந்தைவிட மேலானது என்று காட்ட முடியவில்லை. மருந்தை விரும்பாதவருக்கு, வைத்தியரின் துணையோடு, ஒரு மாற்று வழி உண்டு என்று மட்டும் கொள்ளலாம். இவர்கள் தேறியிருந்த காலத்தில் பயிற்சியைப் பெற்றவர்கள். சாப்பிட முடியாமல், எழும்ப முடியாமல், சாவைப் பற்றி நினைத்துக்கொண்டிருப்பவருக்கு இதைக் கொடுக்கக் கூடாது. அவரை வைத்தியசாலையின் உளமருத்துவப் பிரிவுக்குக் கூட்டிச் செல்ல வேண்டும், அல்லது தேசிய மனநல உதவி இலக்கமான 1926 ஐ அழைக்க வேண்டும்.

வன்னியில் இருந்து வந்தவர்களுக்கு, அல்லது இங்கேயே பங்கருக்குள் இருந்து வளர்ந்தவர்களுக்கு, "கண்ணை மூடி உடம்பைக் கவனியுங்கள்" என்பது எளிய கட்டளை அல்ல. கண்ணை மூடினால் அந்த இடமே வருகிற ஆட்களை நான் அறிவேன். வகுப்பில் என் பக்கத்தில் இருந்தவர் மூன்றாவது நிமிடத்தில் எழுந்து வெளியே போய் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். உடம்பில் எறிகணைத் துண்டு இன்னும் இருப்பவருக்கு, கவனம் அந்த இடத்துக்குப் போகும்போது நோ மட்டும் வருவதில்லை. அப்படியானவர்கள் கண்ணைத் திறந்துவைத்து, பாதம் நிலத்தில் படுவதைக் கவனிக்கலாம், மெதுவாக நடக்கலாம், கேட்கும் ஒலிகளை எண்ணலாம். அதுவும் இத்தகைய பாதிப்பை அறிந்த ஒருவரின் துணையோடு. முதலில் உளவளத்துணை, பிறகு வேண்டுமானால் மனவிழிப்பு என்ற ஒழுங்கே அவர்களுக்குப் பொருத்தம். யாழ்ப்பாணத்தில் இந்த வேலையைப் பல காலமாகச் செய்துவரும் சாந்திகம் போன்ற நிலையங்கள் இருக்கின்றன. காலை இழந்தவருக்கு இல்லாத காலில் வரும் நோவுக்கு, நரம்பியல் அறிஞர் ராமச்சந்திரன் 1990களில் அறிமுகப்படுத்திய கண்ணாடிச் சிகிச்சையைப் பற்றி முதலில் கேட்டுப் பார்க்கலாம்.

மனவிழிப்பில் "ஏற்றுக்கொள்ளல்" என்ற சொல் அடிக்கடி வரும். காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வீதியோரத்தில் இருக்கும் தாயிடம் அந்தச் சொல்லைக் கொண்டுபோகக் கூடாது. ஏற்றுக்கொள்வது இந்தக் கணத்தில் நெஞ்சில் இருக்கும் இறுக்கத்தையே தவிர, அதற்குக் காரணமான அநியாயத்தை அல்ல. இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லத் தெரியாத பயிற்றுநர் ஒருவர், எவ்வளவு சாந்தமாகப் பேசினாலும், எங்கள் ஊருக்கு உதவமாட்டார்.

என் முதல் முயற்சி தோற்றதற்குக் காரணம் எளிது: நோவைத் துரத்துவதற்காக அதைச் செய்தேன். ஒவ்வொரு நாளும் எழுந்தவுடன் தோளைச் சுழற்றிப் பார்த்து, பத்துக்கு எத்தனை என்று கொப்பியில் எழுதினேன். மூன்றாவது கிழமையில் ஏழு எட்டானவுடன் விட்டுவிட்டேன். இரண்டாவது முறை எண் எழுதவில்லை. சைக்கிளில் எவ்வளவு தூரம் போனேன், இரவில் எத்தனை முறை எழுந்தேன், யாரோடு எரிந்து விழுந்தேன் என்பவற்றை மட்டும் கிழமைக்கு ஒரு முறை பார்த்தேன். நோ அதே அளவில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். சுன்னாகம் சந்தைக்கு மீண்டும் சைக்கிளில் போகிறேன்.

செலவையும் வசதியையும் பார்த்தால், குளிசைக்குக் காசு வேண்டும். உளவளத்துணைக்கு நேரமும் துணிவும் வேண்டும், போய்வர பஸ்ஸும் வேண்டும். மனவிழிப்புக்கு நாளாந்தம் ஒரு துண்டு நேரம் வேண்டும். 45 நிமிடம் என்பது வீட்டில் சமைக்கவும் துவைக்கவும் வேறு ஆள் உள்ளவர்களின் அளவு. பத்து நிமிடத்தில் தொடங்குவதில் தவறில்லை. மூல வகுப்பின் பலனை அந்தப் பத்து நிமிடத்திடம் எதிர்பார்க்கக் கூடாது, அவ்வளவுதான். கைத்தொலைபேசிச் செயலிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பேசுவதாலும், நோவைப் பற்றித் திருப்பிக் கேட்க ஆள் இல்லாததாலும், வகுப்புக்கே என் வாக்கு. அங்கே வருகிற மற்ற ஆறு பேருக்கும் நோ இருக்கிறது என்பதைக் காண்பதே பாதி மருந்து.

அக்காவுக்கு இறுதியில் இப்படி எழுதிக் கொடுத்தேன். பாமசியில் தானாக வாங்கும் டைக்குளோபினாக்கை அடுத்த கிளினிக்கில் காட்டி, வயிற்றெரிவையும் சொல்லி, அதை விடுவதைப் பற்றிக் கேட்பது. பிசியோதெரபிக்குக் கடிதம் கேட்பது, பின்னேரத்தில் சந்திவரை நடப்பது. அத்தானைப் பற்றிப் பேச ஆறு முறையாவது உளவளத்துணையாளரிடம் போவது. இரண்டு வருடமாக அவர் அழுததை நாங்கள் எவரும் பார்க்கவில்லை, ஆகவே எட்டுக் கிழமைப் பயிற்சியை அதற்குப் பின்னால் வைத்தேன். அதுவரை மாலையில் விளக்கேற்றிய பிறகு பத்து நிமிடம், பாயில் அல்ல, முதுகு சாயும் கதிரையில், கண் திறந்தபடி.

"எண்ணெய்?" என்று கேட்டார்.

எண்ணெயை விட வேண்டாம் என்றேன். அமிட்ரிப்டிலினைத் தொடர்வதா குறைப்பதா என்று ஆனி மாதக் கிளினிக்கில் வைத்தியரிடம் கேட்பதாக முடிவாயிற்று. துண்டுப்பிரசுரத்தை மடித்துக் கிளினிக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டார். அடுத்த வகுப்பு ஆவணியில் தொடங்குகிறது.